9 லட்சத்துப் பழைய ஜேசிபியா, கடனில் நடுவயது வண்டியா, வாடகையே போதுமா?

தை பிறந்து நாலாம் நாள் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஆலங்குடி பக்கம் ஒரு வண்டி வருது. 2010 மாடல். ஒம்பது சொல்றாங்க. நகையை வச்சாவது எடுத்துரலாமான்னு பார்க்கிறேன்."

அவன் 6 வருடமாக அடுத்தவர் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிறவன். அவன் வாய்க்கால் எடுத்தால் கரை நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதே வாரம் அறந்தாங்கியில் வீடு கட்டிக்கொடுக்கும் நண்பர் ஒருவரும் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "மாசம் அம்பதாயிரத்துக்கு மேல ஜேசிபி வாடகைக்கே போகுது. பேசாம ஒண்ண வாங்கிப் போட்டுட்டா என்னண்ணே?"

இரண்டு பேரும் கேட்டது ஒரே எந்திரத்தைப் பற்றித்தான். ஆனால் ஒருவருக்குச் சரியாக வருவது இன்னொருவருக்கு நட்டம். 11 வருடமாக நான் வண்டி வைத்திருக்கிறேன். முதல் வண்டியில் கையைச் சுட்டுக்கொண்டு, இரண்டாவதில்தான் நிமிர்ந்தேன். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: மாதத்துக்கு எத்தனை மணி வேலை உங்கள் கையில் இருக்கிறது, சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால், எந்த வண்டி என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அது ஜேசிபிதான். செய்தித்தாளில் மட்டும் பொக்லைன். பொக்லைன் என்பது பிரான்சில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். அந்தப் பெயர் கொண்ட வண்டிகள் இங்கே கண்ணில் படாமல் போய்ப் பல காலம் ஆன பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஜேசிபி இங்கிலாந்துக் கம்பெனி. 1979இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கரில் ஆலை போட்டது. 2003இல் கூட்டு முடிந்து முழுதும் ஜேசிபியின் கைக்கு வந்தது. நான் இங்கே பேசுவது முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள, ஏழரை டன் எடையும் 76 குதிரைத்திறனும் கொண்ட, ஜேசிபி 3டிஎக்ஸ் என்ற அந்த மஞ்சள் வண்டியைப் பற்றி. பின்கை பதினைந்தரை அடி ஆழம் வரை இறங்கும். சொந்தச் சக்கரத்தில் ரோட்டிலேயே அடுத்த ஊருக்குப் போய்விடும். சங்கிலியில் ஊரும் இட்டாச்சி மாதிரி அதை ஏற்றிப்போகத் தனியாக ஒரு லாரி பிடிக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு ஊரில் செப்டிக் டேங்க் குழி, மத்தியானம் பக்கத்து ஊரில் மனை சமன்படுத்துவது, சாயங்காலம் விழுந்த மரத்தை ஒதுக்குவது என்று இரண்டு மணி, மூன்று மணி வேலைகளாக ஓடும் நம் பக்கத்துப் பிழைப்புக்கு இதை விட்டால் வேறு இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு நீங்களே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். நான் வைத்துக்கொள்வது இது: வாடகை மணிக்கு 1,300 ரூபாய், டீசல் லிட்டர் 93 ரூபாய், ஆப்பரேட்டருக்கு மாதம் 15,000 சம்பளம், மணிக்கு 100 ரூபாய் பேட்டா.

9 லட்சம் ரொக்கத்துக்கு வாங்கும் 2010 மாடலை எடுத்துக்கொள்வோம். களைத்த எஞ்சின், கசியும் பம்ப். மணிக்கு 6 லிட்டர் குடிக்கும், 558 ரூபாய். பேட்டா 100. ஆயில், ஃபில்டர், டயர், ஹோஸ், பின்-புஷ் (மூட்டில் இருக்கும் இரும்பு ஆணியும் அதைச் சுற்றிய உறையும்), வெல்டிங் எல்லாம் சேர்த்து மணிக்கு 300 ஒதுக்கியே ஆக வேண்டும். மிச்சம் 340 ரூபாய் சொச்சம். சம்பளம், காப்பீடு, நிறுத்தும் இடம் என்று மாதம் 19,000 கையிலிருந்து போகும். 56 மணி ஓடினால் அது அடைந்துவிடும்.

17 லட்சத்துக்கு ஒரு 2018, 2019 மாடல். 5 லட்சம் கையில் போட்டு, 12 லட்சம் கடன், 14 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை 41,000. டீசல் 5 லிட்டர், 465 ரூபாய். பராமரிப்பு மணிக்கு 180. பேட்டா போக மிச்சம் 555. தவணை, சம்பளம், மற்றது எல்லாம் சேர்ந்து மாதம் 61,000. இதற்கு 110 மணி ஓட வேண்டும்.

புது வண்டி 36 லட்சம் என்று வையுங்கள். 30 லட்சம் கடன், பத்தரை சதவீதம், 48 மாதம், தவணை 77,000. டீசல் குறைவு, ரிப்பேர் குறைவு, மணிக்கு 700 நிற்கும். ஆனால் தவணை, சம்பளம், காப்பீடு எல்லாம் கூட்டினால் மாதம் 99,000. 141 மணி ஓடிய பிறகுதான் முதல் ரூபாய் உங்களுடையது.

இதைப் பார்த்தவுடன் மருமகன் சொன்னான்: "அப்ப பழசுதானே மாமா லேசு?" காகிதத்தில் லேசுதான். அவனே ஓட்டுகிறவன் என்பதால் சம்பளமும் பேட்டாவும் மிச்சம். 100 மணி ஓடினால் மணிக்கு 440 வீதம் 44,000. காப்பீடு முதலான 4,000 போக 40,000 கையில் நிற்கும். அடுத்தவர் வண்டியிலேயே அதே 100 மணி ஓட்டினால் அவனுக்கு 25,000 வருகிறது. ஆக, சொந்த வண்டியால் கூடுதலாக வருவது 15,000. நகையை வைத்துப் புரட்டும் 9 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டாலே 9,000 போய்விடும். மிச்சம் 6,000. அந்த 6,000 ரூபாய்க்காக என் அக்காவின் நகை பெட்டியை விட்டுப் போக வேண்டும், இவன் ராத்திரித் தூக்கத்தை விட வேண்டும். ஒரு தடவை கியர் பாக்ஸ் போனால் இரண்டு வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

அவன் விடவில்லை. "நூறு மணின்னு ஏன் போடுறீங்க? நூத்தம்பது ஓட்டுவேன்." நியாயமான கேள்விதான். 150 மணி ஓடினால் பழைய வண்டி மாதம் 62,000 தரும், கடன் வண்டி தருவதைவிட அதிகம். ஆனால் 150 என்பது வருடச் சராசரியாக வர வேண்டும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வயலில் வண்டி இறங்காது. இறங்கினால் இன்னொரு வண்டிதான் வந்து இழுக்க வேண்டும். வருடம் 1,800 மணியை மிச்சப் பத்து மாதத்தில் எடுக்க வேண்டுமானால் மாதம் 180 மணி. நாளுக்கு 8 மணி வீதம் 22, 23 நாள், ஒரு ஹோஸ்கூட வெடிக்காமல் ஓட வேண்டும். 15 வருட வண்டியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. வேலை குவியும் பங்குனி, சித்திரையில்தான் அது படுக்கும், ஏனென்றால் அப்போதுதான் அதைப் போட்டு வாங்குகிறோம். பாதிக் குழியில் வண்டி நின்றால் வீட்டுக்காரர் அடுத்த வண்டிக்குப் போன் செய்துவிடுவார். அந்த வண்டிக்காரர் நம்பர் அவர் போனில் ஏறிவிட்டால், அடுத்த தடவை நம் நம்பரைத் தேட மாட்டார்.

என் முதல் வண்டியின் கதை இதுதான். ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் 6,200 காட்டியது. புதுப் பெயின்ட், புது சீட் கவர், டயருக்குக் கறுப்புப் பாலிஷ். வாங்கிக் கொடுத்த தரகர் சாமி மேல் சத்தியம் பண்ணினார். 40ஆவது நாள் ஒரு ஏரிக்கரை ஏற்றத்தில் முன்னால் போக மறுத்து நின்றது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. கியர் பாக்ஸும், எஞ்சின் சக்தியை அதற்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் பிரித்துக் கட்டி 1,85,000 ரூபாய். இரண்டு மாதம் வண்டி பட்டறையில், நான் தவணைக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன். பிற்பாடுதான் யோசித்தேன்: ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கும் பிரேக் பெடலை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். பார்த்தும் அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 6,000 மணியில் பெடல் ரப்பர் அந்தக் கதிக்கு வராது. 15 வருட வண்டி வருடம் 1,000 மணி ஓடியிருந்தாலே 15,000 மணி. மீட்டர் 7,000 என்றால் அந்த மீட்டர் எத்தனை நாள் கழற்றிக் கிடந்ததோ.

2010 மாடலில் இன்னொரு விஷயம், விற்கிறவர் சொல்ல மாட்டார். மோட்டார் வாகன விதிகள் இந்த வண்டிகளைப் போக்குவரத்து அல்லாத வாகனம் என்றுதான் வகைப்படுத்தியிருக்கின்றன. பதிவு 15 வருடத்துக்கு. அது முடிந்தால் தகுதிச் சோதனைக்குக் காட்டி, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதனால் ஆர்.சி.யில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆலங்குடி வண்டியைப் பார்க்க நானும் போனேன். காலை 7 மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். போய் இறங்கியதும் நான் முதலில் செய்தது பானட்டில் கை வைத்துப் பார்த்தது. சூடாக இருந்தது. "இப்பத்தான் கொஞ்சம் நகர்த்தி வச்சோம்ணே" என்றார் நின்றிருந்தவர். இரண்டடி நகர்த்தினால் பானட் அப்படிச் சூடேறாது. குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வண்டி உண்மை பேசும். எத்தனை சுற்றில் பிடிக்கிறது, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது, நீலப் புகை வருகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைத்தான் அவர் நாங்கள் வருவதற்கு முன்பே முடித்து வைத்திருந்தார்.

இருந்தாலும் வந்ததற்குப் பார்த்துவிடுவோம் என்று பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் மூச்சு மாதிரி புகை தள்ளிக்கொண்டு வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வண்டியைத் தாங்கி நிற்கும் பின்பக்க ஜாக் இரண்டையும் இறக்கிப் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தோம். பத்து நிமிடத்தில் இடது பக்கம் தரையைத் தொட்டுவிட்டது. சிலிண்டருக்குள்ளே சீல் போய் ஆயில் உள்ளுக்குள் ஒழுகுகிறது. சீல் கிட் பெரிய செலவில்லை. ராடில் கீறல் விழுந்திருந்தால்தான் செலவு. பிறகு பின்கையை நீட்டி, பக்கெட்டைத் தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, மருமகன் பக்கெட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினான். விரல் நுழையும் அளவுக்கு ஆடியது. ஒரு பின்னும் ஒரு புஷ்ஷும் என்றால் மாற்றிவிடலாம். ஓட்டையே முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் பின் மாற்றிப் பிரயோசனமில்லை, வெல்டிங் வைத்து ஓட்டையை மறுபடி வட்டமாகக் கடைய வேண்டும்.

எனக்கு அந்த வண்டி முடிந்துபோன இடம் கிங் போஸ்ட். பின்கை முழுவதையும் தாங்கி இடமும் வலமும் திருப்பும் வார்ப்பு அது. அதன் அடியில் புதுப் பெயின்டுக்குக் கீழே மண்புழு மாதிரி ஒரு புடைப்பு ஓடியது. மருமகன் கைக்கத்தியால் சுரண்டினான். பழைய வெல்டிங். அது எப்படி வந்தது என்று விற்கிறவர் சொல்லவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமும் சாய்ந்த தென்னைகளை அப்புறப்படுத்த மாதக்கணக்கில் வண்டிகள் ஓடின. அடித்தூரைப் பக்கவாட்டில் முட்டித் தள்ளினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் திருப்புவதற்கென்று இருக்கும் சிலிண்டரும் கிங் போஸ்ட்டும் அந்த உதையை வாங்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு குடும்பம் நின்று அழுதுகொண்டிருந்தது. வண்டிக்கு வலிக்குமே என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. என் வண்டியும் அப்படித்தான் உழைத்தது. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய வண்டி எதை வாங்கினாலும் கஜாவில் எங்கே ஓடியது என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கிங் போஸ்ட்டின் அடியில் குனிந்து பாருங்கள்.

நடுவயது வண்டியை நான் ஏன் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், காரணம் வயது மட்டும் இல்லை. 2021 ஏப்ரல் முதல் இந்த வகை வண்டிகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதி மாறி நான்காம் நிலை வந்தது. 2025 ஜனவரியில் ஐந்தாம் நிலை. புகை குறைந்தது நல்லதுதான், அந்தப் புகையை நாள் முழுக்க விழுங்குகிறவன் ஆப்பரேட்டர். ஆனால் அதோடு காமன் ரெயில் (கணினி சொல்லும் அளவில் டீசலைப் பீய்ச்சும் முறை), சென்சார், கணினிப் பெட்டி எல்லாம் வந்துவிட்டன. ஒரு வயர் மண்ணில் உரசி அறுந்தால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு விளக்கை எரிக்கும். லேப்டாப்போடு கம்பெனி ஆள் வர வேண்டும். 2021 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் நம்மூர் பட்டறை மெக்கானிக் காதால் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார். அந்தக் காலத்தின் கடைசி மூன்று நான்கு வருட வண்டிகள் இன்றைக்கு 8,000, 9,000 மணிக்குள் கிடைக்கும். முதலாளி ஒருவரே இருந்து, அவரே ஓட்டியிருந்தால் இன்னும் நல்லது.

மருமகனே ஓட்டினால் இந்த வண்டியில் மணிக்கு 655 நிற்கும். தவணையும் மற்றதும் 46,000. 100 மணிதான் ஓடியது என்றால் 19,500. சம்பளத்துக்கு ஓட்டும் 25,000ஐ விடக் குறைவு, இதை அவனிடம் மறைக்கவில்லை. 130 மணியில் 39,000, 150 மணியில் 52,000. முதல் வருடம் சம்பளக்காரன் அளவுக்குத்தான் வரும். ஆனால் 36 மாதம் முடிந்தால் 41,000 தவணை நின்றுவிடும், நல்ல நிலையில் ஒரு வண்டி அவன் பெயரில் நிற்கும். அவனுக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். வாங்குவதற்கு முன்னால், யார் யார் எத்தனை மணி தருவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்டு. கீரமங்கலம் பக்கம் போர்வெல் குழாய் பதிக்கிறவர் இத்தனை, மனை போடுகிறவர் இத்தனை, செங்கல் சூளை இத்தனை என்று. "எல்லாரும் தர்றேன்னாங்க மாமா" என்பது கணக்கில் சேராது.

ஊரில் எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்றும் கேட்பார்கள். கேட்டர்பில்லர் 424 நம் திருவள்ளூரிலேயே செய்வது, புல் கோயம்புத்தூர்க்காரர்களுடையது, கேஸ் 770 மத்தியப் பிரதேசத்தின் பீதாம்பூரிலிருந்து வருவது. டாடா ஹிட்டாச்சி, மஹிந்திரா, ஏஸ் என்று இன்னும் உண்டு. எல்லாமே மண்ணைத் தோண்டும். பழையதாக வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஹோஸ் வெடித்தால் அதை எத்தனை கிலோமீட்டருக்குள் வாங்க முடியும்? அந்த அளவுகோலில் எங்கள் ஊரில் ஜேசிபி 3டிஎக்ஸ் முன்னால் நிற்கிறது. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். டிராக்டரில் பின்கை மாட்டுவதை விவசாய வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க அது தாங்காது.

புது வண்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. காற்றாலை, ரோடு, குழாய் பதிப்பு என்று ஒரு வருடத்துக்காவது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் எடுங்கள். நின்றுபோகாத வண்டி வேண்டும் என்று அப்படிப்பட்ட இடத்தில் கேட்பார்கள், வாரன்டியும் இருக்கும். இரண்டு மணி, மூன்று மணி வேலையை நம்பி 77,000 தவணையைத் தலையில் ஏற்றாதீர்கள். எனக்குத் தெரிந்து அப்படி எடுத்து, பத்தாவது மாதம் சாவியை ஃபைனான்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

இனி நண்பருக்கு வருகிறேன். அவருக்கு மாதம் சராசரி 40 மணி வேலை. வாடகை 52,000. அதே 17 லட்சத்து வண்டியை ஆள் போட்டுச் சொந்தமாக வைத்தால் நிலையான செலவு 61,000. அதோடு ஓடும் 40 மணிக்கும் டீசல், பேட்டா, பராமரிப்பு என்று மணிக்கு 745 வீதம் கிட்டத்தட்ட 30,000. மொத்தம் 91,000. மாதம் 39,000 கூடுதலாகக் கொடுத்து வண்டி வைத்திருக்கிறோம் என்ற பெயர்தான் மிச்சம். "மிச்ச நேரம் வெளியில வாடகைக்கு விடலாம்ல?" என்றார். விடலாம். ஆனால் அது இன்னொரு தொழில். காலை ஐந்தரைக்கு போன் வரும். ஆப்பரேட்டர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வரமாட்டார். டீசல் போட்ட கணக்கும் ஓடிய மணியும் ஒட்டாது. வேலை முடித்துப் பணம் கேட்டால் பத்தில் மூன்று பேர் "அறுப்பு முடியட்டும்" என்பார்கள். கொத்தனார், சித்தாள், சிமெண்டு, அப்ரூவல் என்று ஏற்கெனவே மூச்சு முட்டும் மனிதர் இதையும் எப்படிப் பார்ப்பார்?

அவருக்கு வாடகைதான். ஆனால் இப்போது எடுக்கும் விதத்தில் வேண்டாம். அவர் ஆறு பேரிடம் மாறி மாறிக் கூப்பிடுகிறார், ஒவ்வொரு தடவையும் குறைந்தபட்சம் இரண்டு மணி என்று பில் ஆகிறது, ஒரு மணி வேலைக்கும் இரண்டு மணிப் பணம் போகிறது. ஒரே வண்டிக்காரரிடம் மாதம் 40 மணி உறுதி, வேலை முடிந்த அன்றே பணம் என்று பேசினால் மணிக்கு 100 ரூபாய் குறைப்பார்கள். வேலைகளையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் கூப்பிட வேண்டும். அஸ்திவாரம் ஒரு மனையில், மண் நிரப்பல் பக்கத்து மனையில். இதிலேயே மாதம் எட்டாயிரம் பத்தாயிரம் மிச்சப்படும், ஒரு ரூபாய் கடன் இல்லாமல்.

சொந்தமாக வாங்கத் துணிகிறவர்கள் மூன்று விஷயத்தில் ஏமாந்து பார்த்திருக்கிறேன். ஒன்று காப்பீடு. சாதாரண வாகனக் காப்பீட்டில், வண்டி வேலை செய்யும்போது கவிழ்ந்து ஏற்படும் சேதம் தானாகச் சேராது. அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டி எழுத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். கரை ஓரத்தில் வேலை செய்யும் வண்டிக்கு இருக்கும் முதல் ஆபத்தே கவிழ்வதுதான்.

அடுத்தது மண். கண்மாயில் வண்டல் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறோம் என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். காகிதத்தைக் கையில் வாங்கி, சர்வே எண்ணும் தேதியும் பார்க்காமல் பக்கெட்டை இறக்கக் கூடாது. அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தால், 1957ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு வண்டியையே பறிமுதல் செய்ய இடம் தருகிறது. கூப்பிட்டவர் போய்விடுவார், காவல் நிலைய வாசலில் வெயிலில் காய்வது நம் வண்டி. தவணை மட்டும் மாதா மாதம் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, வண்டியின் காகிதங்கள். பழைய வண்டியில் முந்தைய கடன் அடைந்ததற்கான ஃபைனான்ஸ் கம்பெனியின் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் அந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, படிவம் 28. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, நீங்களே தடவிப் படியுங்கள். கர்நாடகா வண்டி ஒரு லட்சம் குறைவாக வருகிறது என்றால் அந்த ஒரு லட்சம் எங்கே குறைந்தது என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் தாண்டி, எந்த வயது வண்டியானாலும் அதன் ஆயுள் கிரீஸ் கன்னில் இருக்கிறது. காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடித்தால் பின்னும் புஷ்ஷும் பேசாது. 20 நிமிட வேலை. சம்பள ஆப்பரேட்டர்களில் இதை ஒழுங்காகச் செய்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள், கேட்டதற்கு மேல் கொடுங்கள். என் மருமகன் அடுத்தவர் வண்டிக்கே அப்படி அடிக்கிறவன். அவன் வாங்குவதற்கு நான் தலையசைத்ததே அதைப் பார்த்துத்தான்.

ஆலங்குடி வண்டியை விட்டுவிட்டோம். நண்பர் இரண்டு வண்டிக்காரர்களிடம் மாதக் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். மருமகனின் நோட்டில் இதுவரை 115 மணி எழுதியிருக்கிறது. பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒருவர் 2019 வண்டி வைத்திருக்கிறார், தானே ஓட்டியவர், முழங்கால் வலியால் விற்கிறார், பதினேழேகால் சொல்கிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: வியாழன் சாயங்காலம் நிறுத்தினால் நாங்கள் வரும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது. "அதுக்கென்ன தம்பி, சாவியை உங்க கையிலயே கொடுத்துடுறேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு டார்ச் லைட்டும், வண்டிக்கு அடியில் விரித்துப் போட நாலு பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு போகிறோம்.